அமாவாசைப் பாடம்

"வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா உங்களுக்கு?"

பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த சூர்யகலா, புருஷன் முதுகில் ஒரு குத்து விட்டாள். ஜெயவேல் ஹாரன் அடித்தானே தவிர வாயைத் திறக்கவில்லை. முன்னால் டேங்க் மேல் உட்கார்ந்திருந்த சத்யப்ரியா காற்றுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு வந்தாள். நாலு வயசு முடியப் போகிறது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆரணியில் அமாவாசை என்றால் தறிக்கு லீவு. மற்றவர்கள் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் பஸ் ஏறுவார்கள், இல்லையென்றால் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். சூர்யகலா மட்டும் விடிவதற்குள் புளிசோறு கட்டிவிடுவாள். போன அமாவாசைக்குத் தேவிகாபுரம், அதற்கு முன்னால் படவேடு, இன்றைக்குப் பக்கத்திலிருக்கிற சமணர் மலையான திருமலை.

"பால்வாடிப் பிள்ளைக்கு டூர் என்னாத்துக்கு?" என்று தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். அவள் கஷ்டம் அவளுக்கு.

நாள் பூரா விசைத்தறி ஓடுகிற வீட்டில் யார் யாரோடு பேச முடியும்? சோறு ஆகிவிட்டது என்றால் தோளில் ஒரு தட்டு. நூல் அறுந்தால் ஒரு கையசைப்பு. பிள்ளையும் கையைக் காட்டியே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டதில், அதற்குக் காது கேட்கவில்லை என்பதே மூணு வயசு வரை ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

ஆபரேஷன் ஆகி, காதுக்குப் பின்னால் மிஷின் வைத்தாகிவிட்டது.

"இப்ப காது கேக்குதும்மா. ஆனா பேச்சு தன்னால வராது. வெளிய கூட்டிகினு போங்க, பாக்கறதையெல்லாம் பேர் சொல்லிக் காட்டுங்க, பேசிகினே இருங்க. நாள் தள்ளத் தள்ளக் கஷ்டம்" என்று பயிற்சி டீச்சர் சொன்னதுதான் தாமதம், சூர்யகலாவுக்கு வாய் ஓயவில்லை.

"ப்ரியா, மாடு! மாடு பாரு, மாடு! தோ, டிராக்டர்! கரும்பு ஏத்திகினு போவுது பாரு!"

மலையடிவாரத்துக்கு வருவதற்குள் அவள் தொண்டை கட்டிக்கொண்டது.

"எனக்குக் குரலே வரல. நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்."

"என்னத்த சொல்றது?"

"இது படி. 'படி'ன்னு சொல்லுங்க. அதுகூடவா வராது?"

"நீதான் நல்லா சொல்றியே" என்று பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு அவன் பாட்டுக்கு ஏற ஆரம்பித்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வீட்லதான் தறிச் சத்தம். சாயங்காலம் தறிய நிறுத்தினதும் பிள்ளைய வண்டில வெச்சுகினு ஊர் சுத்தக் கிளம்பிடறீங்களே, அப்பவாவது நாலு வார்த்தை சொல்லித் தரலாமில்ல? நான் ஒருத்தியே கத்திகினு கெடக்கணுமா? பேஜாரா கீதுங்க!"

அவன் பிள்ளையோடு நாலு படி மேலே போயிருந்தான். இந்த மனுஷன் பிள்ளையை மனசுக்குள் கைகழுவிவிட்டான் என்றே அவளுக்குத் தோன்றியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைத்துக்கொண்டு ஏறினாள்.

மேலே, மலையில் செதுக்கிய பெரிய தீர்த்தங்கரர் சிலைக்கு முன்னால் பிள்ளையை நிறுத்தினாள்.

"சிலை! ப்ரியா, எம்மாம் பெரிய சிலை பாரு! சொல்லு, சிலை!"

கூலிங்கிளாஸ் போட்ட ஒரு வெளியூர் அம்மா பக்கத்தில் வந்தாள்.

"ஏம்மா, இத்தினிக்காண்டு குழந்தைய இந்தப் பாடு படுத்தறியே! கொஞ்சம் ஃப்ரீயா விடேன்."

"விட மாட்டேங்க" என்றாள் சூர்யகலா. "இது பேசற வரைக்கும் விடவே மாட்டேன். வர்ற அமாவாசைக்கும் கூட்டிகினு போவேன், அதுக்கு அடுத்ததுக்கும் போவேன்."

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிள்ளையைக் கையெட்டும் தூரத்தில் விளையாட விட்டு, பையைப் பக்கத்தில் வைத்து, சூர்யகலா ஒரு பாறையில் சாய்ந்தாள். குரலைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

"கலா!"

புருஷன்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தாள். ஆனால் அவன் கீழே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான்.

"கலா! கலா!"

சத்யப்ரியா கையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால், புளிசோற்றுப் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு குரங்கு ஓடுகிறது.

பை போனால் போகட்டும்! சூர்யகலா பாய்ந்து போய்ப் பிள்ளையை வாரிக் கட்டிக்கொண்டாள்.

"என்னா சொன்ன? என் ராசாத்தி, இன்னொரு வாட்டி சொல்லுடி!"

"கலா."

கூலிங்கிளாஸ் அம்மா சிரித்தாள். "பெத்தவளையே பேர் சொல்லிக் கூப்பிடுதே! நல்லா வளத்திருக்க போ."

சூர்யகலாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். திடீரென்று அப்படியே நின்றுவிட்டாள்.

வீட்டில், தெருவில் எல்லாருக்கும் அவள் 'சூர்யா'தான். 'கலா' என்பது கல்யாணமான புதிதில் ஜெயவேல் மட்டும் கூப்பிட்ட பேர். தறி வாங்கிப் போட்டதிலிருந்து அதுவும் நின்றுபோய், தோளைத் தட்டுவதோடு சரி. அவள் அதைக் கேட்டே வருஷக்கணக்காகிறது.

ஜெயவேல் தண்ணீர் பாட்டிலோடு மூச்சிரைக்க ஓடிவந்தான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

"ஏங்க, இந்தப் பேரு இதுக்கு எப்படித் தெரியும்?"

அவன் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டான்.

"சாயங்காலம் ஊர் சுத்தப் போவலடி, ஏரிக்கரைக்குத்தான் போவோம். அங்க சத்தம் இருக்காது. டீச்சர் பேசிகினே இருக்கச் சொன்னாங்களே... மாடு, மரமெல்லாம் நீ சொல்லிடற. உன்ன விட்டா எனக்குப் பேசறதுக்கு வேற என்னா கீது?"