மூன்றாவது கோடு

ஆறரைக்கு அலாரம் அடித்தது. அணைத்தான். மாத்திரை டப்பாவில் புதன்கிழமைக் கட்டத்தைத் திறந்தான்.

ஒன்றரை மாத்திரை. அரை டம்ளர் தண்ணீர், உறிஞ்சுகுழல். அத்தையின் கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்து நிமிர்த்தினான். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே டம்ளரைக் கீழே வைத்தான்.

பிறகு நாற்பது நிமிடம்.

பதினோரு வருஷத்துப் பார்க்கின்சன். மருந்து பிடிக்கும்வரை அத்தை மரக்கட்டை. பிடித்துவிட்டால் இரண்டு மணி நேரம் மனுஷி. முன்பெல்லாம் ஐந்து மணி நேரம்.

சவரம் செய்தான். நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டான். வாஷிங் மெஷினில் துணியைத் திணித்தான். மேஜையில் கிடந்த ஆஸ்பத்திரித் தாளை மட்டும் பார்க்கவில்லை.

எட்டு மணிக்கு நர்ஸ் கூப்பிடுவார். மூன்று முறை தள்ளிப்போட்டாயிற்று. இன்றைக்கு முடிவு சொல்லியாக வேண்டும்.

டாக்டர் சொன்னது இரண்டு வழி. மண்டையில் துளையிட்டு மெல்லிய கம்பி இறக்குவது. பேட்டரி நெஞ்சுத் தோலுக்கு அடியில். இல்லையென்றால் வயிற்றில் குழாய் வைத்து, நாள் முழுக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்ப். அத்தைக்கு முதலாவதுதான் சரிப்படும் என்றார். ஆனால் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள் என்றால் கத்தி வைக்கவே கூடாது, புத்தி கலங்கிவிடும். மாத்திரையால் வருவது அது; மாத்திரையைக் குறைத்து முதலில் அதை நிறுத்த வேண்டும்.

"அப்படி எதுவும் உண்டா?" என்று டாக்டர் கேட்டார்.

இல்லை என்றான். அத்தையின் கண்ணுக்கு ஒரு ஆள் தெரிய ஆரம்பித்து அப்போது ஒரு வாரம் ஆகியிருந்தது.

ஏழு பத்துக்கு அத்தையின் விரல்கள் போர்வையைத் தேடின.

எழுப்பி நிறுத்தினான். கட்டிலிலிருந்து குளியலறைவரை தரையில் மஞ்சள் டேப் கோடுகள், அத்தையின் ஓரடிக்கு ஒன்று. வெறும் தரையில் பசைபோட்டதுபோல் நின்றுவிடும் கால், கோட்டைக் கண்டால் தாண்டும்.

அறை வாசலில் மூன்றாவது கோடு பாதி உரிந்து சுருண்டு கிடந்தது. அங்கே வந்ததும் அத்தை நின்றுவிட்டார். தினமும் நிற்கிற இடம்தான்.

"என்ன அத்தை, வண்டி கிளம்பலையா?"

"பெட்ரோல் ஏறலை மாப்பிள்ளை. தள்ளுங்க."

இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் கடத்தினான்.

முகம் கழுவி, ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்தான். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பினார். நாளெல்லாம் அசையாத அந்த முகம் மெல்ல மலர்ந்தது.

அவன் எதிரே உட்கார்ந்தான். இதற்காகத்தான் எல்லா வேலையையும் முன்னாலேயே முடித்துவிடுவது.

"என்ன சொல்றா, அத்தை?"

"இளைச்சுட்டீங்களாம். நீலச் சட்டை எடுப்பா இருக்காம்."

ஜன்னலில் திரைச்சீலைதான் இருந்தது. அத்தையின் மகள், அவன் மனைவி, லாரி மோதி இறந்து பதினான்கு மாதம். மூன்று மாதமாகத் தினமும் காலையில் வருகிறாள். திங்கட்கிழமை நேரத்துக்குத் தூங்கச் சொன்னாள். நேற்று முடி வெட்டிக்கொள்ளச் சொன்னாள். உயிரோடு இருந்தபோது அவள் இத்தனை இதமாகப் பேசியதில்லை.

போன் அடித்தது.

நர்ஸ் வரிசையாகக் கேட்டார். சாப்பாட்டை விழுங்க முடிகிறதா, விழுகிறாரா, தூங்குகிறாரா. "கடைசிக் கேள்வி சார். இல்லாத ஆளுங்க யாராவது கண்ணுக்குத் தெரியுறாங்களா?"

இல்லை என்றால் ஆபரேஷனுக்குத் தேதி. ஆமாம் என்றால் மாத்திரை குறையும். அப்புறம் அந்த ஜன்னலில் யாரும் வரமாட்டார்கள்.

அத்தை திரைச்சீலையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"தெரியுறாங்க," என்றான். "ஒரே ஒருத்தர்தான். மூணு மாசமா. நான்தான் மறைச்சுட்டேன்."

மறுமுனையில் நர்ஸ் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "நாளைக்கே கூட்டிட்டு வாங்க. ஆபரேஷன் இப்போ வேணாம்."

போனை வைத்தான். அலமாரியிலிருந்து டேப் சுருளை எடுத்துவந்து அறை வாசலில் மண்டியிட்டான். பழையதை உரிக்கவில்லை; அது அவள் ஒட்டியது. அதன் மேலேயே புதிதை இழுத்து, கட்டைவிரலால் அழுத்தினான்.

"மாப்பிள்ளை, ஏதோ சொல்றா பாருங்க," என்றார் அத்தை.

அவன் என்னவென்று கேட்கவில்லை. அவள் நிஜமாகவே கடைசியாகச் சொன்னது அவனுக்குத் தெரியும். இதே வாசலில், தோளில் பையை மாட்டிக்கொண்டே, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில் சொன்னாள்.

"மூணாவது கோடு உரியுது பாருங்க. அம்மா விழுந்துடுவாங்க. இன்னைக்காவது ஒட்டிடுங்க."