மாஸ்டரின் சுவர்

"அந்தச் சுவரை இடிச்சா நான் வேலையை விட்டுடறேம்மா."

மாஸ்டர் சொன்னது அவ்வளவுதான். கையிலிருந்த கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

முதலாளியம்மாவுக்குச் சுள்ளென்று ஏறியது. புதுப் பெயரோடு ஹோட்டலைத் திறக்க இன்னும் பத்தே நாள். வியாபாரத்தையும் நிறுத்தாமல் விளக்கை மாற்றியாயிற்று, மெனு அட்டையை மாற்றியாயிற்று, வாசல் கதவின் கைப்பிடிகூடப் பித்தளைக்கு மாறியாயிற்று. மாறாமல் நின்றவை இரண்டே இரண்டு. சாப்பாட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் சுவர். அதற்குப் பின்னால் இருக்கும் இந்த மனுஷன்.

"ஏன் இடிக்கக் கூடாது?"

"வேண்டாம்மா."

"வேண்டாம்ங்கறது பதிலா? நான் காரணம் கேட்டேன்."

மாஸ்டர் அடுப்புப் பக்கம் திரும்பிக் குழம்பைக் கிளறினார். பதினெட்டு வருஷமாகக் கூட்டம் வருவது அவர் கைக்காகத்தான். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். எரிச்சலே அதுதான்.

உள் அலங்கார வேலையை எடுத்துச் செய்வது அவளுடைய தங்கை மகள். அளவு டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு திரிபவள்.

"பெரியம்மா, இந்தத் தெருவுல ஆறு மாசத்துல மூணு புது ஹோட்டல் வந்தாச்சு. எல்லாத்துலயும் மஞ்சள் விளக்கு, பூந்தொட்டி, மெல்லிசா ஒரு பாட்டு. கண்ணைக் கட்டிக் கூட்டிட்டுப் போய் அவிழ்த்து விட்டா எதுல உட்கார்ந்திருக்கோம்னே தெரியாது. நம்மளை மட்டும் எதை வெச்சு ஞாபகம் வெச்சுப்பாங்க?"

"நீயே சொல்லு."

"கண்ணாடி! அடுப்புல என்ன நடக்குதுன்னு மேசையிலேர்ந்தே பார்க்கணும். பார்த்தா நம்பிக்கை வரும், நம்பிக்கை வந்தா ஜனம் வரும். அந்தச் சுவர் நின்னுதுன்னா இத்தனை செஞ்சதும் வெறும் வெள்ளையடிச்ச கணக்குதான்."

"சுவர் போகும்."

"மாஸ்டரும் போயிட்டார்னா?"

"அவர் எதையோ மறைக்கறார்டி. சுத்தமா இருக்கறவருக்குச் சுவர் எதுக்கு?"

தங்கை மகள் முகத்தைச் சுளித்தாள். "கரப்பான் பூச்சியோ?"

"பூச்சியோ, பழைய எண்ணெயோ, அழுகின காயோ, யார் கண்டா! இன்னிக்குப் பார்த்துடறேன். கையும் களவுமா பிடிச்சிட்டா, அப்புறம் சுவரைப் பத்தி வாயைத் திறக்க மாட்டார்."

வழக்கமாகச் சமையலறைக்குப் போவதென்றால், "மாஸ்டர்ர்ர்!" என்று முன்னாலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டுதான் போவாள். அந்தக் குரல் தெருமுனை வரை கேட்கும். இன்று வாயைத் திறக்கவில்லை. மதியக் கூட்டம் ஓய்கிற நேரமாகப் பார்த்து, செருப்பை ஒரு கையிலும் தங்கை மகளை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, பின்வாசல் வழியாக நுழைந்தாள்.

முதலில் தரையைப் பார்த்தாள். படுத்துத் தூங்கலாம் போலிருந்தது. அடுப்பு மேடையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. கூடையில் காயெல்லாம் அன்று காலை வந்தவை. ஒரு ஈயைக் காட்டு என்றால் வெளியிலிருந்துதான் பிடித்து வர வேண்டும். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் ஆட்களைப் பார்த்தாள்.

காய் நறுக்கும் அம்மாள், கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருந்தாள். மாவு பிசைகிறவர் காலி மரப்பெட்டியில். பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்கு இரண்டு டின். ஒன்றில் அவள், மற்றதில் பூசணிக்காயாக வீங்கிய அவள் கால்கள். தொட்டியருகே நின்று அவள் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் மாஸ்டர்.

யாரோ திரும்பினார்கள். அடுத்த நொடி எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். டின்னும் பெட்டியும் மேடைக்கு அடியில் போய்விட்டன. துளிச் சத்தமில்லை. ஒரு நாளில் பழகிய வேகமல்ல அது.

"எதுக்கு எழுந்தீங்க?"

மாஸ்டர் சோப்பு நுரை வழியும் கையால் கதவுக்கு மேலே காட்டினார்.

புகை ஏறிக் கறுத்த பலகை. 'வேலை நேரத்தில் யாரும் உட்காரக் கூடாது. மீறினால் வேலை இல்லை.' கீழே அவளுடைய கையெழுத்து. ஹோட்டல் தொடங்கிய முதல் வாரம் அவளே நின்று மாட்டிய பலகை. மாட்டியதோடு மறந்தும் போயிருந்தாள்.

"ப்பூ, இந்த டின்னை மறைக்கத்தானா இத்தனை ரகளை?" என்றாள் தங்கை மகள். "தூக்கி வெளியே போட்டா ஆச்சு. சுவர் எதுக்கு மாஸ்டர்?"

"பத்து மணி நேர வேலை பாப்பா. சுவர் இருக்கற வரைக்கும் அப்பப்ப உட்காரலாம். கண்ணாடி வந்தா ராத்திரி வரைக்கும் நிக்கணும்."

"இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?" முதலாளியம்மாவின் குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"சொன்னா இவங்க வேலை போகும்மா. வேலையை விடறேன்னு நான் சொன்னா, என் வேலை மட்டும்தானே போகும்?"

முதலாளியம்மா மேடைக்கு அடியிலிருந்த மரப்பெட்டியை இழுத்தாள். அதன்மேல் ஏறிப் பலகையைப் பிடித்து ஓர் இழுப்பு. ஆணியோடு வந்தது.

"சுவர் இடியத்தான் போகுது மாஸ்டர். அதுல மாத்தமே இல்லை." பெட்டியின் மேல் நின்றபடியே தங்கை மகள் பக்கம் திரும்பினாள். "கண்ணாடி தரை வரைக்கும் வரட்டும். முதுகு சாய்ஞ்சு உட்கார்ற மாதிரி எட்டு நாற்காலி சொல்லு. இங்கே போடறதுக்கு."

"இங்கேயா? இவங்க உட்கார்ந்திருக்கறதைக் கஸ்டமரெல்லாம் பார்ப்பாங்களே, பெரியம்மா!"

"பார்க்கட்டும். பதினெட்டு வருஷமா நான்தான் பார்க்கலை."