முப்பத்தொன்பதாவது பிணம்

இந்த முறை தரையில் படுத்தது நான் இல்லை, என் மனைவி.

நாற்காலியைப் பிடித்து, முட்டி போட்டு, உட்கார்ந்து, பிறகு மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்தாள். படுத்து முடிப்பதற்குள் அவளுக்கும் மூச்சு வாங்கியது, பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் வாங்கியது.

முப்பத்தெட்டு துப்பறியும் நாவல்கள் எழுதியிருக்கிறாள். நாவலுக்கு ஒரு கொலை. முப்பத்தெட்டு பேருக்காகவும் தரையில் கிடந்தவன் நான்தான். நீதிபதி, நகைக்கடை முதலாளி, சர்க்கஸ்காரர், ஒரு தடவை பாடகியாகக்கூட.

"உங்களுக்கு இதெல்லாம் எங்கிருந்து தோன்றுகிறது?" என்று பேட்டி எடுப்பவர்கள் கேட்பார்கள். அவள் என்னைக் கைகாட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

உண்மையில் எல்லாம் ஒரு வாசகர் கடிதத்தில் ஆரம்பித்தது. அவளுடைய முதல் சிறுகதையில், அறைக்குள் பிணம் கதவோரமாகக் கிடக்கும். ஒரு தச்சர் எழுதிக் கேட்டார்: 'அம்மா, கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. பிணம் அங்கே கிடந்தால் கதவு திறக்காதே. கொலைகாரன் எப்படி வெளியே போனான்?'

இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அளவு நாடாவோடு வந்து, என்னைக் கதவோரம் படுக்கச் சொன்னாள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். எது எப்படி விழும், எது எதைத் தடுக்கும் என்று பார்ப்பதுதான் பிழைப்பு. நினைவு தப்பி விழுகிறவனின் கை தரையில் ஊன்றாது. ஊன்றினால் அவனுக்கு நினைவு இருக்கிறது என்று அர்த்தம். அப்படிக் கையை ஊன்றாமல் விழப் பழகுவதற்குள் என் இரண்டு முழங்கைகளும் தோல் உரிந்தன.

கிடக்கும்போது வாயைத் திறந்தால், "பொணம் பேசாதுங்க" என்பாள். பல மதியங்களில் அப்படியே தூங்கியும் போயிருக்கிறேன்.

இன்று எனக்குப் புது வேடம். கதையில் கணவன் காய்கறிப் பையோடு வீட்டுக்கு வருகிறான். கூடத்தில் மனைவி கிடக்கிறாள். அவன் ஒவ்வொன்றாக என்ன செய்கிறான் என்பதுதான் அத்தியாயம்.

அவன் சரியாகச் செய்கிற வரை எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

வெளியே போய்ப் பையோடு வந்தேன். பதறி ஓடி, தோளைப் பிடித்துத் தூக்கினேன்.

"தூக்கக் கூடாதுங்க," என்றாள், கண்ணைத் திறக்காமல். "மொதல்ல போன். நம்பர் ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு."

அவள் சொல்வது சரி. ஆம்புலன்ஸ் வரப் பன்னிரண்டு நிமிடமாவது ஆகும். அந்த நிமிடங்களை முதலில் ஓடவிட்டுத்தான் மற்ற வேலைகளைப் பார்க்க வேண்டும். லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டாலும் இதே வரிசைதான்.

இரண்டாவது தடவை போன் செய்வது போல் நடித்தேன். ஆனால் வாசல் கதவைத் தாழ்போட்டுவிட்டேன். மூன்றாவது தடவை கதவைத் திறந்து வைத்துவிட்டு, சின்ன மகளுக்குப் போன் போடுவது போல் நடித்தேன்.

"பெரியவளைக் கூப்பிடணும். சின்னவ அழுதுக்கிட்டே வண்டிய எடுப்பா. அப்புறம் அவளுக்குத் தனியா ஒரு ஆம்புலன்ஸ் சொல்லணும்."

"பொணம் பேசாதும்மா."

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆனது.

நான்காவது தடவை அடுப்பை அணைக்க மறந்தேன். ஐந்தாவது தடவை அடுப்பை அணைத்தேன், ஆனால் மாத்திரையை மறந்துவிட்டேன் என்று சொன்னாள்.

"யாரு மாத்திரை?"

"புருஷனோட பிரஷர் மாத்திரை. அன்னிக்கு ராத்திரியும் போடணும், மறுநாளும் போடணும்."

"பொண்டாட்டி செத்துக் கெடக்கும்போது எவன்டி மாத்திரையத் தேடுவான்? இதுல கொலைகாரன் எங்க? துப்பு எங்க?"

"இந்தக் கதையில தேடுவான். வெறும் வயித்துல இல்ல, சாப்பிட்டுட்டுப் போடுவான். அதையும் எழுதணும்."

தரை சில்லென்று இருந்தது. அவள் உதடு வெளுத்துவிட்டது. நானும் ஐந்து தடவை மாடிப்படி வரை போய் வந்ததில் கால் துவண்டு நின்றேன்.

"இன்னும் ஒரே தடவைங்க," என்றாள்.

யாரிடமும் எதற்கும் கெஞ்சாதவள். பதிப்பாளர்களை அழவைத்தவள். அந்தக் குரலை நான் இதற்குமுன் கேட்டதில்லை.

இன்னும் இரண்டு தப்புகள் யோசித்து வைத்திருந்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வெளியே போனேன். பையோடு வந்தேன். அவளைப் பார்த்தேன். தூக்கவில்லை. போனை எடுத்துப் பேசினேன். வாசல் கதவை அகலத் திறந்து வைத்தேன். அடுப்பை அணைத்தேன். பெரியவளைக் கூப்பிட்டு, நிதானமாகச் சொன்னேன். பிறகு அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, இல்லாத சோற்றை நாலு வாய் மென்றேன். இல்லாத மாத்திரையை விழுங்கினேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள். நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாகத் தளர்ந்தது.

"சரியா வந்துடுச்சு. இனி எழுதிடுவேன்," என்றாள்.

"எழுதும்மா," என்றேன்.

இனிமேல் நாவல் எதுவும் இல்லை என்றும், ஏன் இல்லை என்றும் அவள் பதிப்பாளரிடம் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. எனக்குத் தெரியக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

அவர் எனக்குச் சொல்லி இரண்டு வாரம்.