ஜன்னலின் வலது பக்கம்

“வலது பக்கம் மட்டும்தான். இடது பக்கத்துல பிரஷ் பட்டுது, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

கூடத்து ஜன்னலுக்கு எதிரே நின்று அவள் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. கொழுந்தனுக்குக் கேட்காமல் இருக்குமா? நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர்.

முன்னே ஒரே வீடு. அண்ணனான அவள் புருஷனும் தம்பியும் பிரித்துக்கொண்டபோது கூடத்துக்குக் குறுக்கே சுவர் எழுப்பினார்கள். அது பெரிய மர ஜன்னலின் நடுச்சட்டத்தில் போய் முட்டியது. உள்ளே நின்று பார்த்தால் வலது பாதி அண்ணனுக்கு, இடது பாதி தம்பிக்கு. “என் பாதியை எவனும் தொடக் கூடாது” என்றான் தம்பி. அதோடு பேச்சு நின்றது.

இப்போது தம்பிக்குக் காலில் மாவுக்கட்டு. அவன் பக்கத்து வெளிச்சட்டம் விரல் நுழைகிற அளவுக்கு இற்றுப்போயிருந்தது. உள்ளே நேர் கீழே அவன் கைக்குழந்தையின் தொட்டில். கேட்ட ஆசாரியெல்லாம் மழைக்காலம் முடியட்டும் என்றுவிட்டார்கள். வானமோ கறுத்துக்கொண்டு வந்தது.

“குழந்தை இருக்கேம்மா...” அண்ணன் இழுத்தார்.

“இருந்தா? அவங்க பாத்துக்குவாங்க. உங்களுக்கு வலது பக்கம். போங்க.”

எதிர்வீட்டுக்காரர் பேப்பரை மடக்கிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். இப்படியும் ஒரு பொம்பளை.

அவள் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். அண்ணன் ஏணியோடு வெளியே வந்தார். ஜன்னலைப் பார்த்து நின்றார். வலது பக்கம் ஏணியைச் சாத்தி, உளியால் இற்ற மரத்தைப் பெயர்க்க ஆரம்பித்தார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “யாரது?”

“நான்தான். என் ஜன்னலைச் சரி பண்றேன்.”



“அண்ணே, இது என் ஜன்னல்.”

“வலது பக்கம்தானேடா?”

“உள்ள நின்னு பாத்தாதான் உங்களுது வலது. வெளிய வந்தா மாறிடும்.”

“அட, ஆமா. பாதி மரத்தைப் பேத்துட்டேனே. இப்படியே விட்டா தண்ணி மொத்தமும் உள்ளதான் வரும்.”

தொட்டில் கிறீச்சிடுவது கேட்டது. தம்பி தொண்டையைச் செருமினான்.

“சரி, முடிச்சிட்டே போங்க. தெரியாமத்தானே செஞ்சீங்க. செருப்பையே கால் மாத்திப் போடுற ஆளு.”

அண்ணன் புது மரத்துண்டை அறைந்தார். இடுக்கில் மக்கு வைத்து அடைத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். சாயங்காலத்துக்குள் ப்ரைமரும் அடித்தாகிவிட்டது.

அவள் திரும்பி வந்தாள். ஏணியைப் பார்த்தாள். பையைத் தொப்பென்று போட்டாள்.

“கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு? அவங்க பக்கத்தை இழைச்சு வெச்சிருக்கீங்க, நம்ம பக்கம் அப்படியே பல்லை இளிக்குது. உங்களை நம்பி ஒரு வேலை சொல்ல முடியுதா?”

எதிர்வீட்டுக்காரருக்கு மறுபடி தலையில் அடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

திட்டிக்கொண்டே சமையலறைக்குள் போனாள். அண்ணன் பின்னாலேயே போனார். அவள் கதவைச் சாத்தினாள். குரல் இறங்கியது.

“பெயிண்ட் இன்னும் பாக்கி இருக்குல்ல?”

“ம்.”

“காலையில மறுபடி சத்தம் போடுறேன். மறுபடி பக்கத்தை மாத்திடுங்க.”