தாரணி மறுபடியும் ஃபெயில்

கற்பூரம் ஏற்றுங்கள், அடித்துச் சத்தியம் செய்கிறேன். நான் இதுவரை சொன்ன கதையெல்லாம் எக்கேடோ கெடட்டும். இதில் மட்டும் ஒரு சொல் பொய் கிடையாது.

தாரணி மாதிரி ஒரு மக்கு டாக்டரை இந்தக் கொடைக்கானல் மலை பார்த்ததே இல்லை.

எங்கள் நாயுடுபுரத்தில் அழகையா என்று ஒருவர். சின்னப் பையனாகச் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். குடலில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்தது, கீமோவும் முடிந்தது. "எந்திரிச்சு நடங்க, அப்பத்தான் அசதி போகும்" என்று டாக்டர்கள் சொல்லியும் கேட்கவில்லை. கம்பளிக்குள் படுத்தவர் படுத்தவர்தான். அவர் கட்டில் கால் துளிர் விட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில் இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சி நடந்தது. புற்றுநோய்க்காரர்களுக்கு மாத்திரை எழுதித் தருகிற மாதிரி உடற்பயிற்சியை எப்படி எழுதித் தருவது என்று செய்துகாட்டிப் பழக்குகிற பயிற்சி. பிசியோதெரபி படித்த பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு நோயாளி. பழனியிலிருந்து வந்த தாரணிக்கு மாட்டியவர் அழகையா.

"ஐயா, வாசல் வரைக்கும் நடந்து வாங்க."

"போ புள்ள. சாகப் போறவனுக்கு என்னா எக்சசைஸ்?"

கெஞ்சினாள், மிரட்டினாள். கடைசியில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதே விட்டாள். "நீங்க நடக்கலைன்னா பிராக்டிகல்ல எனக்கு ஃபெயில் போட்ருவாங்கய்யா."

கம்பளி விலகியது. "அட கெரகமே, இத முன்னமே சொல்றதுக்கு என்ன? கையக் குடு."

அன்றைக்கு நடக்க ஆரம்பித்தவர்தான்.

"பேசிக்கிட்டே நடங்கய்யா. மூச்சு வாங்கிப் பேச்சு வரலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்" என்பாள். அழகையாவைப் பேசச் சொல்லவா வேண்டும்? மேடேறும்போது அவர் அவளை வைத வசவில் ஏரியில் மீன்கள் காதைப் பொத்திக்கொண்டன.

பயிற்சி முடிந்து எல்லாரும் மலை இறங்கிவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாரணி மட்டும் பஸ்ஸிலிருந்து இறங்கினாள்.

"ஃபெயில்ங்கய்யா. இதே பேஷன்ட்ட வச்சு மறுபடியும் செய்யணுமாம்."

அழகையா தலையில் அடித்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். "நாற்காலில உக்காந்து எந்திரிக்கிற பயிற்சில மார்க் போச்சுங்கய்யா." இப்படியே மாதக்கணக்கில் வந்தாள்.

டீக்கடை ஜோதிமணி சும்மா இருப்பாளா? "ஏம்மா, ஒரு மனுசன நடக்க வைக்கிறதுக்கு ஒரு பரீட்சை. அதுலயும் ஃபெயிலா? ஒங்க அப்பா அம்மா பாவம்மா."

"நடக்கத் தெரிஞ்சவங்கதான் நடக்கச் சொல்லிக் குடுக்கணும்" என்று நானும் என் பங்குக்குச் சொல்லி வைத்தேன். கடையே சிரித்தது. 'ஃபெயில் டாக்டர்' என்றே அவளுக்குப் பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பெண் காது சிவக்கத் தலையைக் குனிந்துகொண்டு போய்விடும்.

போன வாரம் முழங்கால் வலி என்று பழனியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு ஹால் நிறைய வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள். எதிரே நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தது யார் தெரியுமா? நம்ம ஃபெயில் டாக்டர்!

நர்ஸிடம் கேட்டேன்.

"தாரணி மேடமா? கொடைக்கானல் பயிற்சில அவங்கதான் மொத மார்க். அதான் இப்ப மத்தவங்களுக்குச் சொல்லித் தர்றாங்க."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வந்த சோலியை மறந்து மலைக்குப் பஸ் ஏறினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் விஷயம் தொண்டை வரை வந்து முட்டுகிறது. "வெரசா ஓட்டுய்யா!" என்று நான் போட்ட சத்தத்தில், டிரைவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே பஸ் மேலே ஏறியது.

அழகையா வாசலில் நாற்காலி போட்டு, உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தார்.

"ஏலே அழகையா! அந்தத் தாரணி ஒன்னைய ஏமாத்திட்டாளே! அவ பாஸு! மொத மார்க்கு! ஃபெயில்னு சொன்னதெல்லாம் பொய்யி!"

அவர் நிறுத்தவே இல்லை. உட்கார்ந்தார், எழுந்தார்.

"கத்தாதய்யா. எனக்குத் தெரியும்."

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"மொதத் தடவ ஃபெயில்னு வந்து நின்னுச்சே, அன்னைக்கே. ஒழுங்காப் பொய் சொல்லக்கூடத் தெரியல அந்தப் புள்ளைக்கு. ஃபெயில்ங்குது, மொகத்துல சிரிப்ப அடக்க முடியல."

"பின்ன எதுக்குலே ஞாயித்துக்கெழம தவறாம அவகூட லோல்படுற?"

அழகையா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மொத மார்க்கு வாங்குன புள்ள. என்னைய எழுப்பி நடக்க விடணும்னு, ஒங்க எல்லார்கிட்டயும் மக்குன்னு பேர் வாங்கிட்டுப் போவுது. நான் படுத்துக் கெடந்தா நல்லாவா இருக்கும்?"

டீக்கடையில் நான் அடித்த நக்கலுக்கு என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

"எனக்குத் தெரியும்னு அதுகிட்ட ஒளறிராத. தெரிஞ்சா வெக்கப்பட்டு வராமப் போயிரும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நாளைக்கு ஞாயிறு. தாரணி பஸ்ஸை விட்டு இறங்குவாள். "என்னம்மா, மறுபடியும் ஃபெயிலா?" என்று நாலு பேரோடு சேர்ந்து நீங்களும் சத்தமாகக் கேளுங்கள். ஆனால் நான் சொன்னேன் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.