லிடியாவின் பெயர்

ஓஹையோ காட்டை வெட்டிக் கட்டிய மரவீட்டுக்குள் காலை வெயில் நுழைந்து, தண்ணீர்க் கிண்ணத்தில் பட்டு, கூரையில் ஆடுகிறது. குதிரையில் ஊர் ஊராகப் போகும் போதகர், ஞானஸ்நானம் கொடுக்கக் கையை நனைத்துக்கொண்டு நிற்கிறார். "குழந்தைக்கு என்ன பேரும்மா?" தாய் பேஷன்ஸ் குழந்தையை மடியில் சரித்துக்கொள்கிறாள். செத்துப்போன மூத்த தாரத்தின் பெயரை இளையவளின் முதல் பெண்ணுக்கு வைப்பது இங்கே வழக்கம். இந்த வீட்டு மூத்தவள் லிடியா நட்ட ஆப்பிள் மரம் வாசலில் காய்த்துக் குலுங்குகிறது. அவள் தைத்த ஒட்டுப்போர்வையில்தான் இந்தக் குழந்தையும் சுற்றப்பட்டுக் கிடக்கிறது. "எல்லாரும் செய்றதுதானே, பேஷன்ஸ்," என்கிறான் கணவன் ஆஸா, தொப்பியைக் கசக்கியபடி. "தூக்கத்துல அவளைக் கூப்பிடுறீங்களே, அதுவும் எல்லாரும் செய்றதா?" போதகர் இருமிக்கொண்டு, அடுப்பில் கொதிக்கும் சோளக்கஞ்சியைப் பார்க்கிறார். ஆஸாவின் காது சிவக்கிறது. குழந்தை கொட்டாவி விடுகிறது. மோவாயில் பேஷன்ஸுக்கு இருக்கும் அதே குழி. அதை விரலால் தொட்டுப் பார்க்கிறாள். மெல்லச் சிரிப்பு வருகிறது. "லிடியான்னே வைங்கய்யா. இனிமே இவர் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, என் மூஞ்சியோட ஒருத்தி ஓடி வந்து நிக்கட்டும்."