எண் இல்லாத டிம்மர்

நாடக அரங்கில் விளக்குகளைக் கூட்டிக் குறைக்கும் எட்டு டிம்மர்கள் ஒரே ஒயரில் இருந்தன. புதிதாக வந்த ஒன்பதாவதற்கு எண் கொடுக்க மறந்துவிட்டார்கள். அதனால் கன்ட்ரோல் பெட்டி யாருக்கு உத்தரவு போட்டாலும், தனக்குத்தானோ என்று புதியது விழுந்தடித்துக்கொண்டு செய்தது. ஒத்திகையில் ராஜா சாகும்போது அதன் விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருந்தது.

"நாளைக்கு உன்னைக் கழற்றிடப் போறாங்க," என்றது ஐந்தாம் டிம்மர்.

"எல்லார் வேலையையும் செய்யறேனே அண்ணே, என்னையா?"

கன்ட்ரோல் பெட்டி அதைக் கேட்டுவிட்டது. "உன் எண் என்னப்பா?"

"அப்படி ஒண்ணு இல்லீங்க."

"சரி, இனிமே நீ ஒன்பது. ஒன்பதுன்னு கூப்பிட்டா மட்டும் வா."

மாலையில் நாடகம் தொடங்கியது. "மூணு, முழுசா ஏறு," என்றது கன்ட்ரோல் பெட்டி.

புதிய டிம்மர் பதறி எழப்போனது. அப்புறம்தான் நினைவு வந்தது. மூன்றாம் விளக்கு அதுபாட்டுக்கு எரிந்தது. ஒன்பது இருட்டில் நிம்மதியாக உட்கார்ந்து, முதல் தடவையாக நாடகம் பார்த்தது.